ஒரு பூனைக்கு இரண்டு எண்

நாடு விட்டு நாடு போக மனிதர்களுக்கு ஒரு பாஸ்போர்ட்டும் கொஞ்சம் தைரியமும் போதும். பூனைக்கு அது போதாது. சிரிக்காதீர்கள் செல்லங்களே, நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று பேர், இரண்டு பூனைகள். வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கடை, ஒரே நாற்காலி. யாருக்கு எந்தக் கண்ணில் எவ்வளவு பவர் என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். தெருவில் எதிரே யாராவது வந்தால், அந்த ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடி மூக்கில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். கோணலாக இருந்தால் அங்கேயே கழற்றி வாங்கி, காம்பை இரண்டு விரலால் வளைத்துச் சரிசெய்து, ஊதித் துடைத்து மாட்டிவிடுவார். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை. மகளுக்குப் பன்னிரண்டு வயது.

பூனைகள் இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தம்பி. இரண்டுக்கும் சாம்பல் நிறம், மஞ்சள் கண். உரித்து வைத்த மாதிரி என்பார்களே, அப்படி. வித்தியாசமெல்லாம் குணத்தில்தான். ஒன்று, வந்தவர் மடியில் எல்லாம் ஏறி உட்காரும். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, இதுதானா என்பதுபோல நிமிர்ந்து பார்க்கும். அதற்குத் துரை என்று பெயர். இன்னொன்று பரண்மேலேயே வாசம். யார் கையும் அதன்மேல் பட்டதில்லை, அதுவும் யாரையும் தொட்டதில்லை. வீடு அடங்கிய பிறகு இறங்கி வந்து, தட்டைக் காலி செய்துவிட்டு, மறுபடி ஏறிவிடும். அது சாமியார்.

மனைவிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. மகளுக்கும் அங்கே நல்ல படிப்பு. கண்ணாடிக்காரரின் தகுதிதான் அங்கே செல்லாது. ஐம்பது வயதில் பரிட்சை எழுதித் தேறினால்தான் அங்கே ஒருவருடைய கண்ணைச் சோதிக்க முடியும். அதுவரை வேறு யாருடைய கடையிலாவது பிரேம் துடைக்கலாம்.

"என்னங்க, போலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"சரி" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. மனைவி அதைக் கவனித்தாள். ஆனால் சரி என்று சொன்னவரை இன்னொரு தடவை கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டால் பதில் மாறிவிடுமே.

பூனைகளுக்கான விதிகளை மகள் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள். முதலில் கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப் வைக்க வேண்டும். அதில் ஒரு எண் இருக்கும். அதற்குப் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. சிப் இல்லாமல் போட்ட ஊசி, போடாத ஊசிக்குச் சமம். ஊசி போட்டு முப்பது நாள் முழுசாகக் கழிய வேண்டும். கடைசியில் கால்நடை அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மாடி வீட்டு அக்கா தாளைப் படித்துவிட்டு, "பூனைக்கு மணி கட்டவே ஆள் இல்லன்னு எலியெல்லாம் கூட்டம் போட்டுச்சாம். நீங்க சிப்பே கட்டப் போறீங்களா? நடத்துங்க, நடத்துங்க" என்றாள்.

வீட்டில் இருந்தது ஒரு கூடை. அதனால் வாரத்துக்கு ஒரு பூனை என்று ஏற்பாடு. முதல் வாரம் துரை. கண்ணாடிக்காரர்தான் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். சிப், ஊசி, திரும்பி வந்ததும் ஒரு துண்டு மீன். கூடை என்றால் மீன் என்று துரைக்கு ஒரே நாளில் விளங்கிவிட்டது.

அடுத்த வாரம் மனைவிக்குக் காலை ஷிப்ட். கிளம்பும்போது, "இன்னிக்குச் சாமியார். துண்டைப் போட்டுத்தான் பிடிக்கணும். கூடையைத் திறந்து வச்சுட்டுப் பரணுக்கு ஏணி போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் கூடையைத் திறந்து கூடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் கூடைக்குள் ஒரு சாம்பல் பூனை மடங்கி உட்கார்ந்திருந்தது. ஏணிக்கு வேலையில்லை. கதவை மூடினார், பஸ் ஏறினார். மடியில் கூடை. பாதி வழியில் கம்பி இடுக்கு வழியாக அவர் விரலில் ஏதோ மெத்தென்று பட்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மாவிடம் அன்று நல்ல கூட்டம். நாய்களின் குரைப்பில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. டாக்டரம்மா சிப்பின் எண்ணைப் படிக்கிற கருவியைப் பூனையின் கழுத்தில் ஒரு தடவு தடவினாள். கருவி சத்தம் போடவில்லை, அதாவது சிப் எதுவும் இல்லை. சிப் வைத்தாள், ஊசி போட்டாள், சாமியாருடைய தடுப்பூசிப் புத்தகத்தில் எண்ணை ஒட்டினாள். "ரொம்ப சமத்துப் பையன்" என்று முதுகில் தட்டியும் கொடுத்தாள்.

நாள் ஓடியது. கடையை ஒரு லென்ஸ் வியாபாரி வாங்கிக்கொண்டார். கட்டிலும் அலமாரியும் ஒவ்வொன்றாகப் போயின. கிளம்புவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மாடி அக்காவிடம் இன்னொரு கூடையை இரவல் வாங்கி, மனைவி துண்டைப் போட்டுச் சாமியாரைப் பிடிக்க, மூன்று பேரும் முதல் தடவையாக இரண்டு பூனைகளையும் சேர்த்து அதிகாரியிடம் கொண்டுபோனார்கள்.

அதிகாரி பெரியவர், நிதானமானவர். துரையின் கழுத்தில் கருவியை வைத்தார். எண் வந்தது. வழக்கம்போல அப்படியே தோள்வரைக்கும் இறக்கினார். அங்கே இன்னொரு எண் வந்தது.

"ஏம்மா, இது ஒரு பூனையா ரெண்டு பூனையா?"

"ஒண்ணுதான் சார்."

"ரெண்டு நம்பர் சொல்லுதே."

பிறகு சாமியார். கழுத்து, தோள், வயிறு, கால் என்று எங்கே வைத்தாலும் கருவி வாயைத் திறக்கவில்லை. அதிகாரி இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"முதல்ல வச்ச சிப் தோலுக்கடியில நகர்ந்து தோளுக்கு இறங்கியிருக்கு. சில சமயம் அப்படி ஆகும். அதான் ரெண்டாம் தடவை கழுத்துல தேடினவங்களுக்குக் கிடைக்கல. ஒரே பூனையை ரெண்டு வாட்டி கொண்டு போயிருக்கீங்க." கண்ணாடிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "சாருக்கு என்ன தொழில்?"

"மூக்குக் கண்ணாடிக் கடை."

அதிகாரி தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மகள்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அடுத்த நிமிஷமே அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது. ஏனென்றால் அதிகாரி சொன்னார்: "இதுக்கு இப்பவே சிப் வச்சு ஊசி போட்டுடலாம். ஆனா இன்னிலேர்ந்து முப்பது நாள். ஒரு நாள் குறைஞ்சாலும் அங்க இறக்க விடமாட்டாங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. துரை போகலாம். ரெண்டு நம்பரையும் எழுதித் தரேன்."

மனைவி வேலையில் சேரும் தேதி மாறாது. வெளியே மரத்தடி பெஞ்சில், இரண்டு கூடைகளையும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மகள் தண்ணீர் பிடிக்கப் போனதும் அவள் கேட்டாள்.

"வேணும்னே செஞ்சீங்களா?"

"என்ன கேள்வி இது? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. மாறிப்போச்சு."

"சாமியார் தானா கூடைக்குள்ள போய் உக்காந்துச்சுன்னு நம்பினீங்களா?"

"நம்பினேன்."

அவள் சாமியாரின் கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மாடி அக்கா நல்ல மனசுக்காரி. "நீங்க மூணு பேரும் கிளம்புங்க. முப்பது நாள் நான் பார்த்துக்கிறேன், அப்புறம் ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஒரு மணி நேரம் சாமியாரோடு தனியாக இருந்து பார்த்தாள். வெளியே வந்தபோது கையில் மூன்று கோடு. "இது சாமியார் இல்ல, சண்டியர்" என்று சொல்லிவிட்டு மருந்து தடவிக்கொள்ளப் போனாள்.

"நான் இருந்து கூட்டிட்டு வரேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

சொல்லும்போது அவர் முகம் லேசாகத் தெளிந்தது. நெற்றியில் இருந்த சுருக்கம் ஒன்று போய்விட்டது. மனைவி அதைப் பார்த்துவிட்டாள். பூனை வந்து சேருமா என்ற கவலை அவளுக்கு அப்போது இல்லை, கண்ணுகளா. இந்த மனிதர் வந்து சேருவாரா என்பதுதான் அவள் கவலை. முப்பது நாள் அறுபதாகும். அறுபது அடுத்த வருஷமாகும். கணவன் இங்கே, மனைவி அங்கே என்று எத்தனை குடும்பம் அப்படியே தொலைபேசியில் வாழ்ந்து முடிந்திருக்கிறது.

அவளும் மகளும் துரையும் கிளம்பிப் போனார்கள்.

வீட்டில் மிஞ்சியது ஒரு பாய், ஒரு தலையணை, இரண்டு பாத்திரம், விமானத்துக்காக வாங்கிய பெரிய பிளாஸ்டிக் கூண்டு. பரணைக்கூடக் காலி செய்தாகிவிட்டது. சாமியாருக்கு ஒளிய இடமில்லை. முதல் இரண்டு நாள் வெறும் பரணில் உட்கார்ந்து பார்த்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது, அதற்கு அவமானமாகிவிட்டது. சமையலறை மேடைக்கடியில் போனது, அங்கேயும் மறைவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் எழுந்து பார்த்தால், கூண்டுக்குள் மூலையில் இரண்டு மஞ்சள் கண். அந்த வீட்டில் நாலு பக்கமும் மூடியிருந்த இடம் அது ஒன்றுதான். அதன்பிறகு சாப்பிட மட்டும்தான் வெளியே வந்தது. கூண்டுக்குப் பழக்க என்னென்னவோ செய்ய வேண்டும் என்று மகள் தாளில் எழுதியிருந்தாள். ஒன்றும் செய்யாமலே பழகிவிட்டது.

அவருக்கும் பொழுது போனது. கதவைத் தட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்குத் திருகாணி கழன்றிருக்கும், ஒருவருக்கு மூக்கில் உறுத்தும். பாயில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். "நீங்க இல்லாம எங்க கண்ணெல்லாம் என்னாகும்?" என்று அவர்கள் சொல்வது காதுக்கு இதமாக இருந்தது.

இரண்டாவது வாரம் லென்ஸ் வியாபாரி வந்தார். அவருக்கு வியாபாரம் தெரியும். ஆட்களின் முகம் தெரியாது.

"அண்ணே, உங்க நாற்காலியை நான் இன்னும் நகர்த்தல. காலையில மட்டும் வந்து உக்காருங்க. இருக்கிறவரைக்கும். அதுக்கப்புறமும் இருக்கணும்னு தோணுச்சுன்னா, பாதிப் பங்கு உங்களுக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். காலையில் போய் உட்கார்ந்தார். மறுநாளும் போனார்.

மாடி அக்கா படியில் மறித்துக் கேட்டாள். "டிக்கெட் போட்டாச்சா?"

"போடணும்."

"உங்க பூனை மதிலே ஏறினதில்ல. அதுக்கும் சேர்த்து நீங்க மதில்மேல உக்காந்திருக்கீங்க போல."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். தெருமுனை போவதற்குள் சிரிப்பு போய்விட்டது.

சாமியாருக்கு ஊசி போட்ட இருபத்திரண்டாம் நாள் மனைவி வீடியோவில் பேசினாள். துரை நடுவில் வந்து திரையை அடைத்துக்கொண்டது. அவள் அதைத் தூக்கி மடியில் வைத்தாள். அது ஒரு காலை நீட்டி அவள் விரலைத் தொட்டது. அதன் வழக்கம் அது. யார் மடியில் இருந்தாலும் அந்த ஆளின் விரலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அன்னிக்குப் பஸ்ல துரை என் விரலைத் தொட்டுச்சு."

"எந்தப் பஸ்?"

"ரெண்டாவது தடவை. கூடைக்குள்ளேருந்து காலை நீட்டித் தொட்டுச்சு. சாமியார் தொடாது. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இன்னும் ரெண்டு ஸ்டாப் இருந்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். நான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். திட்டம் போட்டுச் செய்யல. ஆனா தெரியாமலும் செய்யல."

அவள் துரையை மடியிலிருந்து இறக்கி விட்டாள். "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாமியாருக்கு மட்டும் வேளாவேளைக்கு வைத்தார்.

மறுநாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள். குரலில் கோபமில்லை. தூங்காத குரல்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருட்டாயிடும்னு நினைக்குமாம். ஊருக்கே கண்ணைத் திறந்து பாருங்கன்னு சொல்றவர் நீங்க. போகட்டும். அங்க பெஞ்சுலயே நீங்க இதைச் சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன். இப்ப அழல. இப்பவாவது சொன்னீங்களே." ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். "நான் இங்க விசாரிச்சுட்டேன். பூனை கூட ஆள் வரணும்னு இல்ல. கூண்டுல வச்சுத் தனியா சரக்கு விமானத்துல அனுப்பலாம். நான் போய் வாங்கிக்குவேன்."

"அப்படின்னா நான்?"

"அதைத்தான் நீங்க சொல்லணும். பூனையைச் சாக்கு வச்சு நிக்காதீங்க. பூனையைச் சாக்கு வச்சு வரவும் வராதீங்க. இருக்கணும்னா இருங்க, நான் சண்டை போட மாட்டேன். வரணும்னா, எங்களுக்காக வாங்க. உங்களுக்காகவும்."

 பதிலுக்குக் காத்திராமல் அவள் வைத்துவிட்டாள்.

சாயந்திரம் கடைக்குப் போனார். லென்ஸ் வியாபாரி எழுந்து அவருடைய நாற்காலியைத் துடைத்து வைத்தார். அவர் அதில் உட்காரவில்லை. எதிரே, கண் காட்ட வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

"என் கண்ணைப் பாருங்க தம்பி."

"உங்க கண்ணையா? நானா?"

"நானே பார்த்துக்க முடியுமா? பாருங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் எழுத்துப் பலகை சற்றுச் சாய்ந்து மாட்டியிருப்பது தெரிந்தது. இத்தனை வருஷம் ஒருவரும் சொல்லவில்லை பாருங்கள். வியாபாரி சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாக மாற்றினார். "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டார். தூரப் பார்வை அப்படியே இருந்தது. கிட்டப் பார்வைதான் நன்றாகக் குறைந்திருந்தது. கையில் கொடுத்த அட்டையில் சின்ன எழுத்து வரிசைகள் மூன்றும் எறும்பு ஊர்வது மாதிரி தெரிந்தன.

"படிக்கிறதுக்கு ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க. ரெண்டு நாள்ல வேணும்."

"அண்ணே, இத்தனை நாள் இல்லாம இப்ப எதுக்கு?"

"பரிட்சை எழுதணும். புத்தகமெல்லாம் பொடி எழுத்தாம்."

வியாபாரிக்குப் புரிந்தது. கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் கடையிலேயே இலேசான பிரேம் ஒன்றை எடுத்து, அவர் மூக்குக்கு அளவு பார்த்தார்.

அன்றே மனைவியைக் கூப்பிட்டார்.

"சாமியார் செவ்வாய்க்கிழமை வருது. முப்பது நாள் முடிஞ்ச மறுநாள். சரக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்."

"சரி." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க?"

"நான் வியாழக்கிழமை."

"ஒண்ணாவே வரலாமே? எதுக்கு ரெண்டு நாள் இடைவெளி?"

"அது அதோட வேலையா வருது. நான் என் வேலையா வரேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் மகள், "என்னம்மா? அப்பா வராரா? எப்போம்மா?" என்று குதிக்கிற சத்தமும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை, அதிகாரியின் கையெழுத்தோடு, சாமியார் போனது. கூண்டுக் கதவை மூட ஒரு கை போதுமாக இருந்தது. அது வந்து இறங்கியதாகவும், கருவி ஒரே எண்தான் சொன்னதாகவும், மனைவியிடமிருந்து செய்தி வந்தது. நடுவில் புதன்கிழமை என்று ஒரு நாள் இருந்ததல்லவா, அந்த நாள்தான் அவருக்குப் பெரிய நாள். சோறு வைக்க, தட்டுக் கழுவ யாருமில்லை. போகாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. கட்டாயம் போகவேண்டிய காரணமும் இல்லை, மனதைத் தவிர. அவர் வீட்டைப் பெருக்கினார், சாவியை மாடி அக்காவிடம் கொடுத்தார். அக்கா சாவியை வாங்கிக்கொண்டு, "போய்ப் பாஸ் பண்ணுங்க. பெயிலாயிட்டேன்னு இந்தப் பக்கம் வந்துடாதீங்க" என்றாள்.

வியாழக்கிழமை அங்கே இறங்கினார். வரிசை நீளமாக இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, எல்லாரையும் கேட்கிற கேள்வியை அவரையும் கேட்டாள்: உயிருள்ள எதையாவது கூடக் கொண்டுவருகிறீர்களா?

"இல்லம்மா, நான் மட்டும்தான்" என்றார்.

அவளுக்கு அவர் பாஷை புரியவில்லை. ஆனால் தலையாட்டல் புரிந்தது. முத்திரை குத்தினாள்.

வெளியே கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி உடைகூட மாற்றாமல் வந்திருந்தாள். அவரைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"ஒரு பெட்டிதானா?"

"ஒண்ணுதான்."

அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பஸ் அஞ்சு நிமிஷத்துல. நடையை எட்டிப் போடுங்க, இதை விட்டா அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்."

அவர் எட்டிப் போட்டார்.